மூன்றாம் மாடியில் ஒரு முதல்தர வீடு

இல்ல அகலப்பட்டை சர்வதேச ஒப்பீட்டு அதிகாரசபை வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் இடம் என்றுதான் யசோதினி நினைத்திருந்தாள். அந்த நினைப்பிலேயே மடுல்கெல்லையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, பன்வில, வத்தேகம வளைவுகளெல்லாம் சுற்றிக் கண்டிக்கு வந்து சேர்ந்தாள். கூடவே கணவன் கணேஸ்.

சபையின் வேலை வேறு. மற்ற நாடுகளில் வீட்டு இன்டர்நெட் என்ன விலை, எத்தனை கம்பனி, எவ்வளவு வேகம் என்று விசாரித்து, அவற்றோடு நம்மை ஒப்பிட்டு, நாம் உலகத்தில் எத்தனையாவது என்று அறிவிப்பது. அதற்கு அதிகாரிகள் நாடு நாடாகப் போய் வந்தார்கள். போன நாடுகளின் காந்தப் பொம்மைகள் சபையின் இரும்பு அலுமாரிகளில் கைப்பிடியைக்கூட மறைத்துக்கொண்டு ஒட்டியிருந்தன. இத்தோடு நின்றிருந்தால் மடுல்கெல்லைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் புதிய லைன் இழுப்பதென்றாலும் சபையின் ‘ஒப்பீட்டு இசைவு’ வேண்டும் என்று ஒரு விதி வந்திருந்தது. கண்டபடி லைன் கொடுத்தால் ஒப்பீடு குழம்பிவிடுமாம்.

யசோதினிக்கு லைன் வேண்டியிருந்ததற்குக் காரணம் அவளுடைய மகள். தனுஷிகாவுக்கு ஆறு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் கணேஸுக்கு வேலை பாதியாகிவிட்டது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகி, யசோதினி பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் லண்டனில் ஒரு கம்பனி, ஆஸ்பத்திரிகளுக்கு வரும் தமிழ் நோயாளிகள் பேசுவதை டொக்டர்மாருக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஆள் தேடியது. வீட்டிலிருந்தே செய்யலாம். நம் ஊர் மத்தியானத்தில் தொடங்கி ராத்திரி வரை வேலை. எழுத்துப் பரீட்சையில் யசோதினி தேறிவிட்டாள். வாய்ப் பரீட்சை மிச்சம். அதற்கு வீட்டில் வயர் லைன் இருக்க வேண்டும் என்றது கம்பனி. அவள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பின்பக்கத் தண்ணீர்த் தாங்கியின் மூடி. அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, மழையில் குடையோடு, ஒருவருடைய மாரடைப்பை மொழிபெயர்க்க முடியாது. லைன் கிடைத்தால் மகளோடு இருக்கலாம். இல்லாவிட்டால் குவைத்.

ஒப்பீட்டு உத்தியோகத்தர் ரஸீன் நல்ல மனிதர். வந்தவர்களைக் கதிரையில் உட்கார வைத்துத்தான் பேசுவார். சபை அவர் கையால் மக்களுக்குச் செய்த கெடுதல்கள் எல்லாம் இந்த நல்ல குணத்தோடு செய்யப்பட்டவை.

“எந்த நாட்டோட ஒப்பிடுற தங்கச்சி?”

யசோதினி கணேஸைப் பார்த்தாள். கணேஸ் கூரையைப் பார்த்தான்.

“நாடெல்லாம் வேணாங்க சேர். மடுல்கெல்லைக்கு ஒரு லைன் கெடைச்சா போதும்.”

“நாடில்லாம ஃபைல் துறக்க ஏலாது. உங்களுக்கு முந்திப் போனாரே ஒரு ஆள், கலகெதர ஊர்க்காரர், அவருக்கு ஐஸ்லாந்து குடுத்தேன். சந்தோசமாப் போனார்.”

“அவருக்கு லைன் கெடைச்சிச்சாங்க?”

“ஐஸ்லாந்து கெடைச்சிச்சே.”

கணேஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நமக்கு எது பக்கமோ அதக் குடுங்க சேர். பஸ் செலவாவது மிஞ்சும்.”

“பக்கத்து நாடெல்லாம் முடிஞ்சிட்டு நானா,” என்றார் ரஸீன், கணேஸை அண்ணன் முறை வைத்து. “எல்லாரும் அதத்தானே கேக்குற. எஸ்டோனியா ஈக்குது. நல்ல நாடு. எடுத்துக்கோங்க.”

இப்படியாக அவர்கள் எஸ்டோனியாவோடு ஒப்பிடப்பட்டார்கள். ரஸீன் மூன்று தலைப்பில் கேள்வி கேட்டார். முதலாவது, தெரிவு.

“எத்தனை கம்பனிட்டக் கேட்டீங்க?”

“மூணுங்க. ஒருத்தங்க, வயர் போஸ்ட் பெக்டரியோட நிக்கிதுன்னாங்க. ஒருத்தங்க, மலைன்னாங்க. இன்னொருத்தங்க போன வச்சிட்டாங்க.”

“மூணு கம்பனி!” ரஸீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மூணு பேர்ட்ட இல்லைன்னு கேக்குற வசதி எத்தனை நாட்டில ஈக்குதுன்னு நெனைக்கிறீங்க? சில எடத்துல ஒரே கம்பனி. அவன் இல்லைன்னா இல்லைதான். உங்களுக்குத் தெரிவு ஈக்குது.”

இரண்டாவது, விலை. மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்றார். லைனே இல்லை, எதற்குக் கட்ட என்றாள் யசோதினி. ஒன்றுமே கட்டாத வீடு எஸ்டோனியாவில் கிடையாது என்றார் ரஸீன். மூன்றாவது, தரம். போன வருஷம் எத்தனை முறை லைன் அறுந்தது? ஒரு முறைகூட இல்லை. லைன் மெதுவாக வருகிறது என்று எப்போதாவது முறைப்பாடு செய்ததுண்டா? இல்லை.

ரஸீன் பேனையை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணப் பேச்சு முடிந்த வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“மாஷா அல்லாஹ். மூணுலயும் நீங்க எஸ்டோனியாவுக்கு மேல.”

“அப்ப லைன் குடுப்பாங்களா?”

“இவ்வளவு நல்லா ஈக்குற வீட்டுக்கு லைன் குடுத்து என்னத்துக்குக் கெடுக்குற?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டார் அவர்.

யசோதினி எழுந்து போகவில்லை. குவைத் ஏஜென்சிக்காரன் அன்று காலை பஸ்ஸில் வரும்போதுதான் போனில் கோல் எடுத்திருந்தான். பெரியவர் யாரையாவது பார்க்காமல் நகரமாட்டேன் என்று கதிரையிலேயே இருந்தாள். கடைசியில் பணிப்பாளரின் அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

பணிப்பாளர் கலாநிதி நவரட்ணராஜா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பல வருஷம். மேசையில் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் பெட்டிஸும் இருந்தன. ஒரு ரோலை எடுத்து, பாதியைக் கடித்து, மீதியை ஃபைல் மேலேயே வைத்துவிட்டுப் பேசுவது அவர் வழக்கம். யசோதினியின் பெயர் போட்ட ஃபைலில் எண்ணெய் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

“இரும் பிள்ளை. நான் போகாத நாடு குறைவு. அந்த அனுபவத்தில சொல்லுறன், கேளும். உம்மட வீட்டில லைன் இல்லை. இல்லாத லைனுக்கு வேகமும் இல்லை. வேகம் இல்லாத வீட்டைச் சராசரியில சேர்க்கேலாது. அதால நீர் கணக்கிலயே இல்லை. விளங்குதோ?”

“விளங்குதுங்க.”

“இப்ப நான் லைன் தாறன் எண்டு வையும். மலை, வளைவு, பழைய வயர். அது ஊர்ந்து ஊர்ந்துதான் வந்து சேரும். ஊர்ந்து வந்தாலும் வந்தது வந்ததுதானே? கணக்கில ஏறும். ஏறினவுடன கண்டிச் சராசரி விழும். கண்டி விழ, நாடு விழும். உம்மட ஒரு ஆளுக்காக நாட்டை விழுத்தலாமோ?”

யசோதினி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப லைன் இல்லாத வீடு கூடக் கூட நாடு முன்னேறுமாங்க சேர்?”

பணிப்பாளர் மெல்லுவதை நிறுத்தினார். ரஸீனைப் பார்த்தார். “கெட்டிக்காரப் பிள்ளையப்பா! எங்கட ஆராய்ச்சிப் பிரிவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு வருசம் எடுத்தது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாவலப்பிட்டிப் பக்கம் ஊர்ந்து வந்த லைன் எல்லாத்தையும் போன வருசம் கழட்டிப்போட்டம். ஒரே பாய்ச்சல். ரெண்டு நாட்டை முந்தினம். லைனைக் குடுத்து முன்னேறுறது ஆருக்கும் ஏலும் பிள்ளை. ஆருக்குக் குடுக்கக் கூடாது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். அதுதான் நிர்வாகம்.”

எண்ணெய்க் கையாலேயே தட்டை அவள் பக்கம் தள்ளினார். “சாப்பிடும். நீரும் நாட்டுக்குச் சேவை செய்யிற ஆள்தானே.”

யசோதினி ரோலைத் தொடவில்லை. ஆனாலும் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் குழாயைக் கண்டதும் நின்று, முழங்கை வரை கழுவினாள். கணேஸ் தெருவோரத்தில் காறித் துப்பினான். “வெளங்காத பயலுக,” என்றான்.

இந்த இடத்தில் சபையின் மாதிரி இல்லத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டு இன்டர்நெட்டை அளக்க வீடு வேண்டும். உண்மையான வீடுகளில் ஆட்கள் இருப்பார்கள். ஆட்கள் இருந்தால் லைனைப் பாவிப்பார்கள். பாவித்தால் வேகம் இறங்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க, சபை தன் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலேயே ஒரு வீட்டைக் கட்டியது. கொங்கிரீட் கூரைக்குக் கீழே, உண்மைத்தன்மைக்காக, ஒரு தகரக் கூரை. வரவேற்பறையில் பொலித்தீன் உறை கழற்றாத சோபா. வெறும் குளிர்சாதனப் பெட்டி. மேசையில் பிளாஸ்டிக் மாம்பழம். வீட்டு வாசலில் மிதியடி. வீதிக்கு அந்தப் பக்கமிருந்து கைத் தடிமனில் ஒரு கேபிள் நேராக உள்ளே வந்து, சுவரிலிருந்த அளவுப் பலகையில் முடிந்தது. அதிகாலையில், ஊர் எழும்புமுன், ரஸீன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் வேகத்தை அளந்து வருவார். அந்தக் கணக்குதான் கண்டி மாவட்டத்து வீடுகளின் கணக்கு.

பல வருஷம் இது நன்றாகவே நடந்தது. பிறகு உலகத் தரவரிசை போடுகிற நிறுவனம், நேரில் பார்க்க மூன்று நிபுணர்களை அனுப்புவதாக அறிவித்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். சபையிடம் லைனோடு ஒரு வீடு இருந்தது; குடும்பம் இல்லை. அப்போதுதான் ரஸீனுக்கு யசோதினியின் ஞாபகம் வந்தது. அவளிடம் குடும்பம் இருந்தது.

கோல் வந்தபோது அவள் தண்ணீர்த் தாங்கியின் மேல் நின்றிருந்தாள்.

“ஒரு நாளைக்கு மட்டும் தங்கச்சி. நானாவையும் புள்ளையையும் கூட்டிட்டு வந்து சோபால இருந்தாச் செரி. ஒண்ணும் பேசத் தேவையில்லை. லைன மட்டும் தொட ஏலாது.”

யசோதினி எந்த நாள் என்று கேட்டாள். சரி வாறோம் என்றாள். பிறகு அதே மூடியின் மேல் நின்றுகொண்டு லண்டனுக்குச் செய்தி அனுப்பி, வாய்ப் பரீட்சையை அதே நாளுக்கு, அதே நேரத்துக்குக் கேட்டு வாங்கினாள். கூட்டாளி ஸுமைராவிடம் லெப்டொப்பையும் ஹெட்செட்டையும் இரவல் வாங்கி, மகளின் ஸ்கூல் பேக்கில் வைத்தாள். கணேஸுக்கு மட்டும் சொன்னாள்.

“புடிச்சிக் குடுத்துருவானுங்கடி.”

“குடுக்கட்டும். எந்தச் சட்டத்துலன்னு சொல்லுவாங்க? வீட்டுல இன்டர்நெட் பாவிச்சதுக்குன்னா?”

நிபுணர்கள் வந்தார்கள். பணிப்பாளர் புதுக் கோட்டில் இருந்தார். நெற்றியில் வியர்வை. வாயில் பெட்டிஸ் வாசம். கையை விரித்து வீட்டைக் காட்டினார். பலகையில் எண்கள் கோபுரமாக நின்றன. நிபுணர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். சோபாவில் கணேஸும் தனுஷிகாவும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார்கள். அடுப்பில்லாத சமையலறைப் பக்கத்து மேசையில் யசோதினி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வயரைச் செருகினாள்.

லண்டன் பரீட்சகர் பெண். விதி ஒன்றுதான் என்றார். மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது. காதில் விழும் எந்தச் சொல்லையும் விடக் கூடாது. நோயாளி பேசினாலும், பக்கத்தில் நிற்கிற யாராவது முணுமுணுத்தாலும், பேசியவரே பேசுவது போல அப்படியே சொல்ல வேண்டும். ஒரு வசனம் விட்டாலும் தேற முடியாது.

முதலில் ஒரு கிழவர் குரல் வந்தது. “நெஞ்சுக்குள்ள கபகபன்னு எரியுதுங்க டொக்டர். பித்தமுன்னு நெனைச்சேன். இப்ப கையும் உளையுது.” யசோதினி தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். பலகையில் ஓர் எண் இறங்கியது.

பணிப்பாளர் அதைப் பார்த்தார். சிரித்த முகம் மாறாமல் மேசைப் பக்கம் நகர்ந்து, குனிந்து, அவள் காதருகில் சொன்னார்: “பிள்ளை, உந்த வயரைக் கழட்டும். வேகம் இறங்குது.”

‘பிள்ளை, அந்த வயரைக் கழற்று, வேகம் இறங்குகிறது’ என்று யசோதினி உரத்த, பதறாத ஆங்கிலத்தில் சொன்னாள். நிபுணர்கள் திரும்பினார்கள்.

“என்ன செய்யிறீர்? இந்த லைன் ஆக்கள் பாவிக்கிறதுக்கோ? அளக்கிறதுக்கெல்லோ!”

இந்த லைன் பாவிப்பதற்கு இல்லை, அளப்பதற்கு என்றாள் யசோதினி, ஆங்கிலத்தில்.

ரஸீன் ஓடி வந்தார். “சேர், அவ எல்லாத்தையும் இங்கிலீசில செல்றா சேர்.”

அதையும் சொன்னாள்.

“நீர் வாயை மூடும் ரஸீன்! நாவலப்பிட்டியில லைன் கழட்டின கதை இவைக்குத் தெரிய வந்தால் நான் துலைஞ்சன்!”

யசோதினி ஒரு சொல்லும் விடவில்லை. நிபுணர்களில் மூத்தவர் பேனையை எடுத்து, நாவலப்பிட்டியை எப்படி எழுதுவது என்று கேட்டார். பணிப்பாளர் சோபாவில், கணேஸுக்கும் தனுஷிகாவுக்கும் நடுவே, தொப்பென்று உட்கார்ந்தார். பொலித்தீன் நெரிந்தது. ஹெட்செட்டில் லண்டன் கிழவர், “நான் பொழைப்பேனாங்க டொக்டர்?” என்று கேட்டார். யசோதினி அதையும் அதே குரலில் சொன்னாள்.

முழுப் புள்ளியோடு தேறினாள். சுற்றுச் சத்தம் இவ்வளவு உள்ள வீட்டில் ஒரு வசனமும் விடாத ஆளை இதுவரை கண்டதில்லை என்று கம்பனி எழுதியது. அன்று மாலை பஸ்ஸில் தனுஷிகாவை மடியில் வைத்துக்கொண்டு, குவைத் ஏஜென்சிக்காரனின் நம்பரை அழித்தாள்.

சபை ஒரு கிழமை நடுங்கியது. பணிப்பாளர் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தார். பிறகு தரவரிசை அறிக்கை வந்தது. வேகத்தில் நாம் விழுந்திருந்தோம். ஆனால் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற தலைப்பில் உலகத்தில் முதலாவதாக வந்திருந்தோம். வேறெந்த நாட்டு அதிகாரியும் தன் தில்லுமுல்லுகளைச் சோதனை நடக்கும்போதே, அதுவும் உடனடி மொழிபெயர்ப்போடு, ஒப்புக்கொண்டது கிடையாதாம். ‘வீட்டார் உண்மையிலேயே பாவிக்கும் லைன்’ என்ற புதிய தலைப்பிலும் நமக்கு நல்ல புள்ளி. மெடிக்கலில் இருந்தவர் மறுநாளே எழும்பி வந்து பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்.

“எங்கட சபையிட்ட ஒளிக்க ஒண்டுமில்லை,” என்றார், ரோல்ஸ் தட்டைச் சுற்றி அனுப்பிக்கொண்டே. “நாங்கள் ரகசியம் கதைக்கேக்கையும் சர்வதேசத்துக்குக் கேக்கக் கதைக்கிற ஆக்கள்.”

யசோதினி மறுபடியும் ரஸீனிடம் போனாள். வேலை கிடைத்துவிட்டது, இனியாவது மடுல்கெல்லைக்கு லைன் தாருங்கள் என்றாள். ரஸீன் வெகுநேரம் ஃபைலைப் புரட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

“ஒரு குடும்பத்துக்கு ஒரு இல்லம்தான் தங்கச்சி. நிபுணர்மார் உங்கட குடும்பத்தை மூணாம் மாடில பதிஞ்சிட்டாங்க. லண்டன் கம்பனியும் அந்த வீட்டத்தான் பாத்துப் பதிஞ்சிருக்கு. மாவட்டத்துலயே ஆகக் கூடின வேகம் இப்ப உங்களுக்குத்தான் ஈக்குது. அதுக்கு மேல இன்னொண்ணு தந்தா மத்தவங்களுக்கு அநியாயமில்லையா?”

“அது எங்க வீடு இல்லீங்களே சேர்.”

“அதச் செல்ல ஏலாது தங்கச்சி. சென்னா அறிக்கை பொய்யாயிடும்.”

மத்தியானத்தில் தொடங்கும் வேலை முடியும்போது மடுல்கெல்லைக்குக் கடைசி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். அதனால் யசோதினி கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், கடைகளில் வேலை செய்யும் பெண்களோடு போடிங் அறையொன்றில் தங்கினாள். தினமும் மூன்றாம் மாடிக்கு ஏறி, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, லண்டன் தமிழர்களின் நெஞ்செரிவையும் முழங்கால் வலியையும் மொழிபெயர்த்தாள். மகளை வீடியோவில் பார்க்கலாம் என்றால் மகளின் பக்கத்தில் லைன் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையைத் தண்ணீர்த் தாங்கி மேல் ஏற்ற கணேஸுக்குப் பயம்.

சனிக்கிழமைகளில் சபையே அவர்களைக் கூப்பிட்டது. குடும்பம் முழுதாக இருந்தால்தான் பார்க்க வருகிற பிறநாட்டுக் குழுக்களுக்கு நன்றாயிருக்கும். கணேஸ் பத்திரிகை படிப்பது போலவும் பிள்ளை பாடம் எழுதுவது போலவும் இருக்க வேண்டும். யசோதினி நிஜமாகவே வேலை செய்துகொண்டிருப்பாள். பணிப்பாளர் வாசலில் நின்று, “பாருங்கோ, இதுதான் எங்கட சாதாரண குடும்பம்,” என்பார். குழு படம் எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு குழு வந்து போய்விட்டது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கிடைத்த சிறு ஓய்வில் யசோதினி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கம் எடுக்கும்போது, சபையின் காவல்காரர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். பிலிமத்தலாவைச் சிங்கள மனிதர். உடைந்த தமிழில், முடிந்தவரை மரியாதையாகத்தான் சொன்னார்.

“வீட்டு ஆள் எல்லாம் இப்ப வெளிய போறது. வேல செய்ற மிஸ் மட்டும் இருக்கலாம். மத்த ஆளுக்கு டைம் முடிஞ்சு.”

“அம்மா இன்னும் பின்னி முடிக்கல,” என்றாள் தனுஷிகா.

ஹெட்செட்டில் அழைப்பு மணி அடித்தது. யசோதினி மகளின் பாதிப் பின்னலைக் கணேஸின் கையில் கொடுத்தாள். அவன் அதை அப்படியே பிடித்தபடி மகளை வாசலுக்கு நடத்தினான்.

தனுஷிகா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே காவல்காரரை அண்ணாந்து பார்த்தாள். “அங்கிள், உங்க வீட்டுல இன்டர்நெட் இருக்கா?”

“இல்ல பேபி,” என்றார் அவர், சாவியைத் தேடிக்கொண்டே. “லைன் இல்லாத ஆள் கணக்குல இல்ல. அதுதான் எங்கள மாதிரி ஆள உள்ளுக்கு விடுறது.”